பக்ராமை மூடியது யார்? படைவிலகலும் பழியும்

வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள்கூட வீட்டுக்காரர் கையில் சாவியைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் கிளம்புவார்கள். 2021 ஜூலை தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானின் பக்ராம் விமானப்படைத் தளத்தில் அதுகூட நடக்கவில்லை. இருபது ஆண்டுகள் அங்கே இருந்த அமெரிக்கப் படை ஓர் இரவில் புறப்பட்டுப் போனது. அவர்கள் போன சற்று நேரத்தில் மின்சாரம் நின்றது. இருட்டில் ஆட்கள் புகுந்து கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். தளத்தின் புதிய ஆப்கன் தளபதி ஜெனரல் மிர் அசதுல்லா கோஹிஸ்தானிக்கு விஷயம் தெரிந்தபோது, கடைசி அமெரிக்கர் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. விட்டுச் சென்ற பொருட்கள் 35 லட்சம் என்று அவர் செய்தியாளர்களிடம் சொன்னார். அதில் தண்ணீர் பாட்டில்களும் சாப்பாட்டுப் பொட்டலங்களும் அடக்கம். ஆயிரக்கணக்கான சாதாரண வண்டிகளும் நின்றன. பலவற்றுக்குச் சாவி இல்லை.

கிளம்பப்போவதை ஆப்கன் தலைவர்களிடம் முன்பே பேசிவிட்டோம் என்றது அமெரிக்க ராணுவம். பேசியிருக்கலாம். எந்த மணிக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, பக்ராம் தலிபான் வசம் போனது. காபூலும் அன்றே விழுந்தது. அப்போது அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சண்டை இன்னும் ஓயவில்லை. பக்ராமை மூடச் சொன்னது யார்? டிரம்ப்பைக் கேட்டால் பைடன் என்பார். பைடன் தரப்பைக் கேட்டால் டிரம்ப் போட்டுவைத்த ஒப்பந்தம் என்பார்கள். இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டால், தளபதிகள் சொன்னதைத்தான் செய்தோம் என்பார்கள். தளபதிகளோ, எங்களுக்குக் கொடுத்த ஆள் கணக்கு அவ்வளவுதான் என்றார்கள். தோற்ற போரின் பழி எப்படிக் கைமாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம். ராணுவ விவரம் எதுவும் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில், அது என்ன இடம்?

பக்ராம் காபூலுக்கு வடக்கே, பர்வான் மாகாணத்தில் இருக்கிறது. சாலை வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 1950-களில் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது. 1979-இல் சோவியத் படை நாட்டுக்குள் நுழைந்தபோது அதுவே அவர்களுடைய முக்கியத் தளமானது. பத்தாண்டு கழித்து அவர்கள் போனார்கள். 2001 கடைசியில் அமெரிக்கர்கள் வந்தார்கள். வந்தவர்கள் அதை ஓர் ஊராகவே ஆக்கிவிட்டார்கள்: இரண்டு ஓடுபாதைகள், மருத்துவமனை, பர்கர் கடைகள், உடற்பயிற்சிக் கூடங்கள். கூடவே ஒரு சிறை. 2002 டிசம்பரில் அந்தச் சிறையில் அமெரிக்கக் காவலர்கள் அடித்ததில் இரண்டு ஆப்கன் கைதிகள் இறந்துபோனார்கள். கைவிட்டுப்போன அருமையான சொத்து என்று பக்ராமைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

பின்வாங்கும் படைக்கு விமானத்தளம்தான் வாசல். ஆட்களும் தளவாடங்களும் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆனால் வாசல் சும்மா திறந்திருக்காது. சுற்றுச்சுவருக்குக் காவல், கோபுரங்களில் ஆட்கள், விமானங்களை இறக்கி ஏற்றக் கட்டுப்பாட்டு அறை, தீயணைப்பு, மருத்துவம், ராக்கெட் வந்தால் தடுக்க ஏற்பாடு என்று எல்லாம் வேண்டும். தளம் படையைக் காக்கிறது என்று நினைக்கிறோம். அந்தத் தளத்தைக் காக்கவே பாதிப் படை வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஆள் குறையும்போது முதலில் கைவிடப்படுவது பெரிய தளமாக இருக்கிறது.

மூடுவதும் ஒரு நாள் வேலை இல்லை. எதை ஊருக்குக் கொண்டுபோவது, எதை உள்ளூர்ப் படைக்குக் கொடுப்பது, எதை உடைத்துப் போடுவது என்று ஒவ்வொரு பொருளாகப் பிரிக்க வேண்டும். 2021 மே முதல் ஜூலை முடிவதற்குள், சி-17 என்ற பெரிய ராணுவச் சரக்கு விமானத்தில் 900-க்கும் மேற்பட்ட சுமைகள் ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியே போயின. பக்ராம் காலியாவதை இரண்டு மாதமாக எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசி இரவு மட்டும்தான் திடுக்கிட வைத்தது.

எண்தான் முதலில் வந்தது

2020 பிப்ரவரி 29 அன்று கத்தாரின் தோஹாவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிரம்ப் நிர்வாகத்துக்காக சல்மே கலீல்சாத், தலிபானுக்காக முல்லா அப்துல் கனி பராதர். 135 நாட்களில் அமெரிக்கப் படை 8,600 ஆகக் குறைய வேண்டும், ஐந்து தளங்கள் காலியாக வேண்டும். 14 மாதத்தில், அதாவது 2021 மே 1-க்குள், மிச்சமிருக்கும் படையும், ஒப்பந்தப் பணியாளர்களும் எல்லாத் தளங்களையும் விட்டுப் போய்விட வேண்டும். வெளியிடப்பட்ட வாசகத்தில் பக்ராமுக்கு விலக்கு எதுவும் இல்லை. ஆப்கன் அரசு அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை. ஆனால் அந்த அரசின் சிறைகளில் இருந்த 5,000 தலிபான் கைதிகளை விடுவிப்பதாக அதில் எழுதப்பட்டிருந்தது.

அப்புறம் எண்கள் இறங்கிக்கொண்டே போயின. 2020 நவம்பரில், தேர்தலில் தோற்ற சில நாட்களில், ஜனவரி 15-க்குள் மொத்தப் படையும் வெளியேற வேண்டும் என்று ஒரு குறிப்பில் டிரம்ப் கையெழுத்திட்டார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் அதிகாரிகள் ஆடிப்போய் அதைத் தடுத்தார்கள். கடைசியில் 2,500 பேர் என்ற கணக்கில் நின்றது. பைடன் பதவியேற்றபோது அவர் கையில் கிடைத்தது இந்த 2,500 பேரும், மே 1 என்ற கெடுவும்.

இதை வைத்துப் பைடன் தரப்பு, எங்கள் கைகள் கட்டப்பட்டிருந்தன என்று வாதாடும். எனக்கு அது பாதிதான் ஒப்புகிறது. தலிபான் தன் வாக்கைக் காப்பாற்றவில்லை என்று காட்டி ஒப்பந்தத்திலிருந்து விலக அவருக்கு இடம் இருந்தது. மே 1 கெடுவை அவரே தாண்டவும் செய்தார். பைடனுக்கு இந்தப் போரே பிடிக்கவில்லை. துணை அதிபராக இருந்த 2009-லேயே, கூடுதல் படை அனுப்புவதை எதிர்த்தவர் அவர். தோஹா ஒப்பந்தம் இல்லாமல் இருந்திருந்தாலும் படையை வெளியே கொண்டுவர வழி தேடியிருப்பேன் என்று 2021 ஆகஸ்டில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார். ஆக, டிரம்ப் போட்ட ஒப்பந்தம் அவருக்கு வசதியாகவும் இருந்தது.

2021 ஏப்ரல் 14 அன்று, செப்டம்பர் 11-க்குள் படை முழுவதும் திரும்பிவிடும் என்று பைடன் அறிவித்தார். பிறகு அது ஆகஸ்ட் 31 ஆனது. காபூலில் தூதரகம் மட்டும் தொடர்ந்து இயங்கும், அதைக் காக்கச் சுமார் 650 பேர் இருப்பார்கள் என்பது திட்டம்.

இந்த 650-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பக்ராமின் கதை முடிந்தது இங்கேதான். தூதரகம் இருப்பது காபூலில். தூதரகத்துக்கு அவசர வழி வேண்டுமானால் சில கிலோமீட்டரில் இருக்கும் காபூல் விமான நிலையம் கையில் இருக்க வேண்டும். பக்ராமை நடத்திக் காக்க 5,000 பேர்வரை வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சர் லாய்ட் ஆஸ்டின் பிறகு செனட்டில் சொன்னார். 650-ஐ வைத்துக்கொண்டு 5,000 பேர் வேலையைச் செய்ய முடியாது. கணக்கு தெரிந்த யாரும் பக்ராமைத்தான் விட்டிருப்பார்கள். பக்ராமை மூடுவோம் என்று பைடன் மேசையைத் தட்டி அறிவித்த காட்சி எதுவும் இல்லை. ஏப்ரலில் எண் முடிவானது. ஜூலையில் தளம் போனது.

ஆகஸ்டில் என்ன ஆயிற்று

இந்தத் திட்டம் முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது: ஆப்கன் ராணுவம் சில மாதங்களாவது தாக்குப்பிடிக்கும். அது நடக்கவில்லை. ஏன் என்பதற்கு ஊழல், சம்பளப் பாக்கி, தோஹாவில் ஓரங்கட்டப்பட்ட மனக்கசப்பு என்று பல காரணங்கள். அதில் அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆப்கன் விமானப்படையின் விமானங்களைப் பழுது பார்த்துவந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்க ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். படை போனதும் அவர்களும் போனார்கள். விமானங்கள் தரையில் நின்றன. தொலைதூரக் காவல் நிலைகளுக்கு உணவோ தோட்டாவோ காயம்பட்டவர்களை எடுத்துவர ஹெலிகாப்டரோ போகவில்லை. என்னைக் கேட்டால் ஒரு தளம் மூடப்பட்டதைவிட இதுதான் பெரிய அடி. ஆனால் மெக்கானிக் ஊருக்குப் போய்விட்டார் என்று தேர்தல் மேடையில் முழங்க முடியாது. பக்ராம் என்ற பெயரைச் சொன்னால் கை தட்டுவார்கள்.

ஆகஸ்ட் 15 அன்று அதிபர் அஷ்ரஃப் கனி நாட்டை விட்டு ஓடினார். மறுநாள் காபூல் விமான நிலையத்தின் ஒரே ஓடுபாதையில் கூட்டம் புகுந்தது. உருண்டு போய்க்கொண்டிருந்த சி-17 விமானத்தின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு ஓடியவர்களையும், வானில் அது ஏறிய பிறகு விழுந்தவர்களையும் உலகமே பார்த்தது. விமானங்கள் பல மணி நேரம் நின்றுபோயின. அந்த விமான நிலையத்தைக் கட்டுக்குள் கொண்டுவர அமெரிக்கா கடைசியில் ஏறத்தாழ 6,000 வீரர்களை அவசரமாக மறுபடி அங்கே அனுப்பியது. பக்ராமுக்கு வேண்டியிருந்த ஆட்களைவிட அதிகம்! தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதுதான்.

இரண்டு வாரத்தில் 1,20,000-க்கும் அதிகமானவர்கள் விமானத்தில் ஏற்றப்பட்டார்கள். அந்த அளவில் அது சாதனைதான். ஆனால் ஆகஸ்ட் 26 அன்று விமான நிலையத்தின் ஆபி வாயிலில் ஐஎஸ் அமைப்பின் கொராசான் கிளை நடத்திய தற்கொலைத் தாக்குதலில் 13 அமெரிக்கப் படையினரும் சுமார் 170 ஆப்கானியர்களும் இறந்தார்கள். குண்டு வைத்திருந்தவர், பக்ராம் சிறையில் இருந்து சில நாட்களுக்கு முன் தலிபான் திறந்துவிட்ட கைதிகளில் ஒருவர் என்று அமெரிக்க அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். பக்ராம் பற்றிய வாதம் ஓடுபாதைக் கணக்காக இருந்தது, அன்றிலிருந்து சாவுக் கணக்காகவும் ஆனது. மகனையோ மகளையோ இழந்த குடும்பம், அந்தச் சிறை ஏன் திறந்தது என்று கேட்டால், 650-க்கும் 5,000-க்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

வைத்திருந்தால்?

வைத்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும் என்பது ஒரு தரப்பு. இரண்டு ஓடுபாதை, அகலமான சுற்றளவு, நகர நெரிசல் இல்லை. ஒரே ஓடுபாதையை நம்பி நிற்பதன் ஆபத்து அமெரிக்காவுக்குத் தெரியாததும் அல்ல. 1975 ஏப்ரல் 29 அன்று சைகோனின் தான் சன் நுட் விமானத்தளத்தில் ராக்கெட்டுகள் விழுந்து ஓடுபாதை பயனற்றுப் போனதால்தான், அத்தனை பேரையும் ஹெலிகாப்டரில் தூக்க வேண்டி வந்தது.

எதிர்த்தரப்பு கேட்பது: வெளியேற வேண்டியவர்கள் பெரும்பாலும் இருந்தது காபூலில். ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் விமான நிலையத்துக்கே தலிபான் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வர முடியாமல் தவித்தவர்கள், குழந்தை குட்டிகளோடு 60 கிலோமீட்டர் போயிருப்பார்களா? சரி, போகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சாலையை யார் காத்திருப்பார்கள்?

எனக்குத் தோன்றுவது இது. ஏப்ரலிலேயே ஆயிரக்கணக்கில் ஆட்களை வைத்திருந்தால், பக்ராம் இரண்டாவது வாசலாக உதவியிருக்கும். அந்த ஆட்களைத் திரும்ப அழைப்பதுதான் பைடனின் முடிவு, டிரம்ப்பின் ஒப்பந்தமும் அதுதான். தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு போரை விட்டு விலகுவது என்ற மூன்றாவது வழியைத் தலிபான் ஒத்துக்கொண்டிருக்காது. மே 1-க்குப் பிறகு அமெரிக்கர்களை மறுபடி தாக்கத் தொடங்கியிருப்பார்கள். அப்போது இன்னும் படை வேண்டியிருக்கும். நடக்காத வழியில் முள் இருக்காது, அதனால் அரசியலில் அந்த வழிக்கு எப்போதும் மவுசு.

எல்லோரும் உண்மைதான் சொன்னார்கள்

2021 செப்டம்பர் 28 அன்று செனட்டின் ஆயுதப்படைக் குழு முன் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின், கூட்டுப்படைத் தலைவர் ஜெனரல் மார்க் மில்லி, அந்தப் பகுதியின் படைகளுக்குப் பொறுப்பான ஜெனரல் கென்னத் மெக்கென்சி. 2,500 பேரை வைத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்தாக இருந்தது என்று இரண்டு தளபதிகளும் சொன்னார்கள். அப்படி யாரும் சொன்னதாக நினைவில்லை என்று முந்தைய மாதம்தான் பைடன் பேட்டி கொடுத்திருந்தார். பக்ராமைப் பற்றிக் கேட்டபோது, கொடுத்த ஆள் வரம்புக்குள் தூதரகத்தையும் பக்ராமையும் சேர்த்துக் காக்க முடியாது, அதனால் ஒன்றை விட்டோம் என்றார் மில்லி. ஆபி வாயில் தாக்குதல் நடந்த அன்றே பைடனும் இதைத் தொட்டுப் பேசியிருந்தார். பக்ராமால் பெரிய பயன் இல்லை, காபூலில் கவனம் வைப்பதே நல்லது என்று ராணுவம்தான் முடிவுக்கு வந்தது என்றார்.

இந்தப் பேச்சுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தைப் போட்டது முந்தைய ஆட்சி: உண்மை. தளத்தை விடலாம் என்று சொன்னது ராணுவம்: உண்மை. அந்த எண்ணைக் கொடுத்தது அதிபர்: அதுவும் உண்மை. மூன்றையும் கூட்டினால், பக்ராமை யாரும் மூடவில்லை, அது தானாகவே மூடிக்கொண்டது என்று விடை வருகிறது. பொய்யே சொல்லாமல் பொறுப்பிலிருந்து நழுவுவது இப்படித்தான். ‘பரிந்துரைத்தோம்’, ‘ஒப்புதல் தந்தோம்’, ‘சூழ்நிலை அப்படி’ போன்ற சொற்கள் வரும்போது, அந்தப் பேச்சில் எண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். எண்ணைக் குறித்தது யார், அன்றைக்கே அதன் விலை தளம்தான் என்று அவருக்குச் சொல்லப்பட்டதா, சொன்னவர்கள் எவ்வளவு உரக்கச் சொன்னார்கள். தளபதிகளுக்கு இதில் மத்தளத்தின் நிலை, இரண்டு பக்கமும் இடி. அதற்காக அவர்களை முழுக்க விட்டுவிடவும் முடியாது. ஆட்களை விமானத்தில் ஏற்றி வெளியேற்றும் உத்தரவு மிகத் தாமதமாக வந்தது என்று, ஓய்வுபெற்ற பிறகு, 2024-இல் மில்லியும் மெக்கென்சியும் நாடாளுமன்றக் குழுவில் அழுத்திச் சொன்னார்கள். அந்தத் தாமதத்துக்கு அவர்கள் கைகாட்டியது வெளியுறவுத் துறையை.

விசாரணை அறிக்கைகளும் இதே தடத்தில்தான் போயின. 2023 ஏப்ரலில் வெள்ளை மாளிகை வெளியிட்ட சுருக்கம், டிரம்ப் விட்டுச் சென்ற நெருக்கடியில் அதிக அழுத்தம் வைத்தது. 2024 செப்டம்பரில், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கீழவையின் குடியரசுக் கட்சியினர் வெளியிட்ட அறிக்கை பைடனைக் குறிவைத்தது. இரண்டு ஆட்சிகளையும் குறை சொன்னது 2023 ஜூனில் வெளிவந்த வெளியுறவுத் துறையின் சொந்த ஆய்வு. அதற்குத்தான் கவனம் குறைவாகக் கிடைத்தது.

பழியில் எண்களும் ஊதிப்பெருகும். 8,500 கோடி டாலர் ஆயுதத்தை விட்டு ஓடினார்கள் என்று டிரம்ப் பல மேடைகளில் பேசினார். அது இருபது ஆண்டுகளில் ஆப்கன் படைகளுக்காகச் செலவிட்ட மொத்தத் தொகைக்கு அருகில் வரும் எண். சம்பளமும் பயிற்சியும் கட்டடமும் அதில் சேர்த்தி. ஆப்கன் படையிடம் கடைசியில் இருந்த அமெரிக்கத் தளவாடங்களின் மதிப்பு சுமார் 700 கோடி டாலர் என்பது பென்டகன் கணக்கு. அதுவே சின்னத் தொகை இல்லை.

தலிபான் ஆட்சிக்கு வந்த மூன்றாம் ஆண்டை 2024 ஆகஸ்டில் பக்ராமில்தான் கொண்டாடினார்கள். அமெரிக்கர்கள் விட்டுப்போன ஓடுபாதைப் பக்கமாக, அமெரிக்கத் தயாரிப்புக் கவச வண்டிகள் அணிவகுத்துப் போயின.

2025 செப்டம்பரில், பிரிட்டன் பயணத்தின்போது, பக்ராமைத் திரும்பப் பெற முயல்வதாக டிரம்ப் சொன்னார். சீனா அணு ஏவுகணைகளைச் செய்யும் இடத்திலிருந்து அது ஒரு மணி நேரத் தூரம் என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் காரணம். தராவிட்டால் கெட்டது நடக்கும் என்று இரண்டு நாளில் மிரட்டலும் வந்தது. அடுத்த மாதம் மாஸ்கோவில் கூடிய நாடுகள், ஆப்கானிஸ்தானிலும் அண்டை நாடுகளிலும் வெளியார் ராணுவக் கட்டமைப்பு வைக்க முயல்வதை ஏற்க முடியாது என்றன. சீனா, பாகிஸ்தானோடு இந்தியாவும் அந்த அறிக்கையில் இருந்தது, அது அபூர்வம்தான்.

தலிபான் தரப்பும் மறுத்தது. ஆப்கானிஸ்தானின் நிலப்பரப்புக்கு எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தமாட்டோம், மிரட்டவும் மாட்டோம் என்று அமெரிக்கா எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று அவர்களுடைய செய்தித் தொடர்பாளர் நினைவூட்டினார். அவர் சுட்டிக்காட்டியது, 2020 பிப்ரவரி 29 அன்று டிரம்ப் ஆட்சியின் தூதர் கையெழுத்திட்ட அதே தோஹா ஒப்பந்தத்தை.